விழுந்த கல்லை முதலில் தூக்கி வையுங்கள்: மங்கலதேவி மலைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் தமிழ்நாடு, கேரளம் இரு மாநில அதிகாரிகளுக்கும், வனத்துறையினருக்கும், தொல்லியல் துறையினருக்கும், இரண்டு பக்கத்து விழாக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் குமுளிக்காரி. எங்கள் அப்பத்தா கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க வந்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. அப்பா பிறந்தது தோட்டத்து லயத்தில். எனக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். ரேஷன் அட்டை கேரளத்தில் இருக்கிறது, கல்யாணம் காதுகுத்து என்றால் கூடலூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இறங்க வேண்டும். எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கணவாயின் மேலேயே வாழ்கின்றன.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு மாநில எல்லையில், மங்கலதேவி மலையில், சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறக்கும் கண்ணகி கோயிலின் கற்கள் சரிந்துகொண்டிருக்கின்றன. யாருடைய கோயில், யாருடைய நிலம், எத்தனை நாள் திறப்பது என்ற பேச்செல்லாம் நடக்கட்டும். அது முடியும்வரை மழை நிற்காது. விழுந்த கல்லைத் தூக்கி அதன் இடத்தில் வையுங்கள். சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

2014இலிருந்து மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரே இடத்தில் நின்று ஒரே சுவரைப் படம் எடுத்து வருகிறேன். முதலில் எந்த எண்ணமும் வைத்துக்கொண்டு எடுக்கவில்லை. கூட்டத்தில் தங்கச்சி தொலைந்து போனால் சேரும் இடமாக அந்தச் சுவரின் மூலையைச் சொல்லி வைத்திருந்தோம், அங்கே நின்று அவளை ஒரு படம் எடுத்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. 2018 சித்திரையில் எடுத்த படத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. அந்த ஆண்டு ஆகஸ்டில் இடுக்கி முழுக்கப் பெய்த பெருமழையை யாரும் மறக்கவில்லை. 2019 படத்தில் அதே இடைவெளியில் தங்கச்சி கையை விட்டுக் காட்டுகிறாள். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் பக்தர்கள் யாரும் ஏறவில்லை. 2022இல் போனபோது மேல் கல் தரையில் கிடந்தது. அதைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது, அதாவது விழுந்து ஒரு மழைக்காலமாவது ஆகியிருக்கும்.

ஒரே ஒரு மூலையின் கதை இது. அம்மன் சன்னதி, சிவன் சன்னதி, சின்னச் சன்னதிகள், சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 1300 மீட்டருக்கும் மேலே, காற்றுக்கு மறைப்பே இல்லாத புல்மேட்டில், சுண்ணாம்புகூட இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய கட்டடம். தென்மேற்குப் பருவமழை ஒரு பக்கம் அடிக்கிறது, வடகிழக்கு மறுபக்கம் அடிக்கிறது. இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது, அதன் பின்னால் மண் போகிறது, மண்ணில் விதை விழுந்தால் வேர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். யானை வந்து உடம்பைத் தேய்த்தால் சொல்லவே வேண்டாம். இது பெரியார் புலிகள் காப்பகம். 925 சதுர கிலோமீட்டர் காட்டில் யானையைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. சுவரை நிமிர்த்தி வைப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இந்த இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களில் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள் இல்லையே.

மதுரை எரிந்த பிறகு கண்ணகி வைகையின் கரையோடு மேற்கே நடந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். பள்ளம் என்றும் மேடு என்றும் பார்க்காமல் நடந்தாள். மதுரையிலிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே வந்து, அதில் வந்து சேரும் முல்லையாற்றோடு கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து பாருங்கள். எதிரே மலை சுவர்போல எழுந்து நிற்கும். அதற்கு மேல் ஏறுவதைத் தவிர வழியில்லை. அவள் ஏறினாள். மலைமேல் ஒரு வேங்கை மரத்தடியில் ஒரு முலை இழந்த கோலத்தில் வந்து நின்றாள். கோவலன் இறந்து 14 நாள் கழிந்திருந்தது. வானவரோடு அவனே வந்து அவளை அழைத்துப் போனான். இதைக் கண்ணால் கண்டவர்கள் தினைப்புனம் காத்துக்கொண்டிருந்த குறவர்கள். "இவளைப்போல ஒரு தெய்வம் நமக்கு இல்லை, இவளையே தெய்வமாகக் கொள்வோம்" என்று தொண்டகப் பறை அடித்து, பூ தூவி, குரவை ஆடினார்கள்.

இமயத்திலிருந்து கல் வந்தது பிறகுதான். சேரன் செங்குட்டுவன் பேரியாற்றங்கரையில் தங்கியிருந்தபோது அந்த மலைக்குடிகள் காணிக்கைப் பொருள்களைச் சுமந்துகொண்டு போய், தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அவர்கள் கொண்டுபோன பொருள்களின் பட்டியல் நீளமானது. யானைத் தந்தம், அகில், தேன், சந்தனம் எல்லாம் அதில் வருகிறது. ஏலமும் மிளகும் வருகின்றன. எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் எடுப்பது அந்த இரண்டையும்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. பெரியவளாகித் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தபோது அந்த வரியில் வந்து நின்று அழுதிருக்கிறேன். அரசி இளங்கோ வேண்மாள்தான் அந்தப் பத்தினியைத் தெய்வமாக வழிபட வேண்டும் என்று சொன்னவள். அதன் பிறகு படை கிளம்பியது, தோற்ற வடநாட்டு மன்னர்கள் கனக விசயர் தலையில் கல் ஏறியது, கங்கையில் நீராட்டிச் சேரர் தலைநகர் வஞ்சிக்கு வந்தது. இலங்கைக் கயவாகு மன்னன் அந்தப் பத்தினிக்கு எழுப்பிய கோட்டத்துக்கு, அதாவது கோயிலுக்கு, வந்து வணங்கிப் போனான். இன்றைக்கும் மட்டக்களப்புப் பக்கம் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறார்கள்.

அந்தக் கோட்டம் இதுதானா என்று விவாதம் உண்டு. திருச்செங்கோட்டைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கொடுங்கல்லூரைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி போன வழியைப் பல ஆண்டுகள் காலால் நடந்து தேடி, 1960களில் இந்த மலைக்கோயிலை அடையாளம் காட்டினார். சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில் 'மங்கல மடந்தை கோட்டம்' என்ற சொல் வருகிறது. மலைத் தலையில் சுனைகள் இருப்பதாகவும் வருகிறது. இங்கே ஊர்ச்சனம் வழிவழியாகச் சொல்லும் பெயர் மங்கலதேவி. எனக்கு இது போதும். வேறு முடிவுக்கு வரும் அறிஞர்களோடு எனக்குச் சண்டையில்லை, அவர்களுக்கும் இந்தக் கற்கள் நிற்க வேண்டும் அல்லவா? எழுத்து வெட்டிய கல் முகம் குப்புற விழுந்து மண்ணுக்குள் போய்விட்டால் எந்தப் பக்கத்து வாதத்துக்கும் சாட்சி இருக்காது.

எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் புரியாது.

அவருக்கு முப்பது வயதுக்குள் தாத்தா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் முன்வரிசையில் நின்றதில்லை. பெற்ற மகன் கல்யாணத்தில் தாலியைத் தொட்டுக் கும்பிடத் தட்டு சுற்றி வந்தபோது, தட்டு தன்னிடம் வருவதற்கு முன்பே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாராம். யாரும் போகச் சொல்லவில்லை. போக வேண்டும் என்று அவருக்கே பழகியிருந்தது. ஆனால் சித்ரா பௌர்ணமிக்கு மலை ஏறினால் வேறு ஆளாகிவிடுவார். அங்கே பெண்களுக்கு வளையலும் மஞ்சள் தடவிய மங்கல நாணும் பிரசாதமாகக் கொடுப்பார்கள். அப்பத்தா நேராகக் கையை நீட்டி வாங்குவார். வளையலை அங்கேயே போட்டுக்கொள்வார். "தரவளே புருசனப் பறிகொடுத்தவதானடி, அவகிட்ட எனக்கென்ன கூச்சம்" என்பார். இறங்கும்போது வளையல் கையிலேயே இருக்கும். குமுளி பஸ் ஸ்டாண்டு வந்ததும் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். மங்கல நாண் வீட்டு விளக்கின் கழுத்தில் அடுத்த சித்திரைவரை கிடக்கும்.

கணவனை இழந்தவள் ஒருத்திக்கு மங்கலதேவி என்று பெயர் வைத்திருக்கும் மலை இது. கட்டுக்கழுத்தி, கைம்பெண் என்று பார்க்காமல் அவள் முன்னால் எல்லோரும் ஒரே வரிசையில் பொங்கல் வைக்கிறார்கள். படித்தவர்கள் இதற்குப் பல விளக்கம் சொல்லக்கூடும். எனக்கு அப்பத்தாவின் கை நிறைய வளையல்தான் விளக்கம்.

அவர் கடைசியாக மலை ஏறிய ஆண்டு வரிசை நீளமாக இருந்தது. மூட்டுவலியோடு மூன்று மணி நேரம் நின்றார். சன்னதிக்கு நாலடி தூரத்தில், கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஒருவர் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார். அவர் யார், எந்தப் பக்கத்து ஆள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவரும் அதிகாலையிலிருந்து வெயிலில் நின்றவர்தான். ஆனால் அப்பத்தா அம்மன் முகத்தைப் பார்க்காமலே இறங்கினார். அடுத்த சித்திரைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆண்டில் ஒரே நாள் திறக்கும் கோயிலில் ஒரு கிழவியை அவசரப்படுத்துவது என்றால், அவளுக்கு அதை ஈடுகட்ட இன்னொரு நாள் கிடையாது. வயதானவர்களுக்குத் தனி வரிசை வையுங்கள். அதற்கு இரண்டு கயிறும் நான்கு ஆட்களும் போதும்.

நாள் கணக்கைப் பற்றியும் பேச்சு வருவதால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு நாள் போதாது, மூன்று நாள் வேண்டும், தினசரி பூசை வேண்டும் என்று என் உறவுக்காரர்களே கேட்கிறார்கள். அவர்களுடைய ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழியில் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்த வருத்தம் கம்பத்தில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது, கோயில் பேச்சு வந்தால் மேலே வந்துவிடும். ஆனாலும் எனக்கு ஒரு நாள் போதும். பல்லாயிரம் பேர் ஒரு பகலில் ஏறி இறங்கும் மலை அது. மறுநாள் அந்தப் புல்லையும் சுனையையும் மிருகங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தினமும் ஜீப் ஓடினால் கடை வரும், கடை வந்தால் கொட்டகை வரும், கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டு வரும். அவள் நின்ற இடம் காடாக இருந்ததால்தான் குறவர்கள் கண்ணில் பட்டாள். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கி வைக்கிறீர்களே, அதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

சரி, கல்லுக்கு வருகிறேன். திருப்பணி என்றதும் ஊருக்கு ஊர் நடப்பது தெரியும். தரைக்கு டைல்ஸ், தூணுக்குப் பெயிண்ட், நுழைவாயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்கு. சுத்தம் செய்கிறோம் என்று மணலை வீசியடித்துக் கல்வெட்டு தேய்ந்துபோன கோயில்களும் தமிழ்நாட்டில் உண்டு. அந்தத் திருப்பணி இந்த மலைக்கு வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் இப்படியே இடிந்து கிடக்கட்டும் என்பேன்.

நான் கேட்பது வேறு. கிடக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட வேண்டும். எங்கே கிடக்கிறது, எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று அளந்து படம் எடுக்க வேண்டும். எந்தக் கல் எந்த வரியில் இருந்தது என்பதை அதன் வெட்டும் விளிம்புமே காட்டிக்கொடுக்கும் என்று கல்தச்சர்கள் சொல்வார்கள். அஸ்திவாரம் இறங்கிய இடத்தைச் சரிசெய்து, அதே கல்லை அதே இடத்தில் திரும்ப ஏற்ற வேண்டும். நாகார்ஜுனசாகர் அணை கட்டியபோது, தண்ணீருக்குள் போக இருந்த நாகார்ஜுனகொண்டாவின் பழைய கட்டடங்களை இப்படிப் பிரித்து எடுத்துப்போய் மேட்டில் அமைத்தார்கள். ஶ்ரீசைலம் அணைக்காகக் கூடவெல்லிச் சங்கமேசுவரர் கோயிலையே பெயர்த்து ஆலம்பூரில் நிறுத்தினார்கள். கம்போடியாவில் மரவேர் விழுங்கிய தா புரோம் கோயிலைச் செப்பனிடப் போனவர்கள் நம் இந்தியத் தொல்லியல் துறையினர். வேர் விழுங்கிய கோயிலைச் செப்பனிடத் தெரிந்த நாட்டில் நம் மலையில் நாலு சன்னதியை நிமிர்த்த ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இதற்குப் புதுக் கல் ஒன்றும் பெரிதாக வேண்டாம். கல் அங்கேயே இருக்கிறது. கப்பியும் சங்கிலியும் மரமுட்டும் ஜீப் தடத்திலேயே போகும். காட்டில் வேலை என்றால் வனத்துறை சொல்லும் கால அளவில், அவர்கள் சொல்லும் ஆள் எண்ணிக்கையில் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு சுவர் என்றாலும் சரி. எந்த மாநிலத்துப் பணம் என்று கேள்வி வந்தால் இரண்டு பேரும் பாதிப் பாதி போடுங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895இலிருந்து இந்த மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கீழே இறங்குகிறது. அதில் எவ்வளவோ வழக்கு, எவ்வளவோ கோபம், ஆனாலும் மதகைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. கோயில் கல்லுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு செய்ய முடியும்.

இரண்டு மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுச் சேச்சி ஒருமுறை என்னை ஆற்றுக்கால் பொங்காலைக்குத் திருவனந்தபுரம் அழைத்துப் போனார். கும்ப மாதம், பூரம் நட்சத்திரம். தெருவெல்லாம் செங்கல் அடுப்பு. 2009இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டார்கள் என்று கின்னஸில் பதிந்த இடம். அங்கே விழா முழுக்கத் தோற்றம்பாட்டு பாடுகிறார்கள். அது கண்ணகியின் கதை. பாண்டியன் வதம் பாடி முடிந்த பிறகுதான் அடுப்பில் தீ ஏறுகிறது. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் அவள் ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது அவர்கள் ஐதீகம். அரிசி கொதித்து வழியும்போது சேச்சி குலவையிட்டார், நானும் இட்டேன். கோபத்தோடு வந்தவளைக் குளிர வைக்கும் வேலை அது. எங்கள் மலையில் சித்திரை வெயிலில் நடப்பதும் அதுதான். அதனால், தமிழ் முறைப் பூசை எவ்வளவு நேரம், மலையாள முறைப் பூசை எவ்வளவு நேரம் என்று மேசையில் கணக்குப் பார்க்கும்போது குரல் உயர வேண்டியதில்லை. இரண்டு தரப்பும் பூசை செய்யட்டும். அறிவிப்பை இரண்டு மொழியிலும் சொல்லுங்கள், காணாமல் போன பிள்ளைகளின் பெயரையாவது.

கடைசியாக, பளியங்குடி வழி. லோயர் கேம்ப் பக்கத்திலிருந்து ஏறும் அந்த நடைபாதையில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். ஜீப்புக்குக் காசில்லாதவர்கள் மட்டும் அதில் வருகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவள் நடந்து வந்தாள், நானும் நடந்தே வருவேன் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். நடுவழியில் தண்ணீரும், ஒரு மருத்துவக் குழுவும், உட்கார நிழலும் எல்லா ஆண்டும் உறுதியாக இருக்க வேண்டும். பாதையைச் செப்பனிடும்போது பளியர் குடியிருப்பில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கே ஊற்று வற்றாது, எந்த வளைவில் யானை கடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் உங்கள் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்பதும் என் கோரிக்கை. இந்தத் தெய்வத்தை முதலில் கண்டவர்கள் மலைக்குடிகள் என்றுதானே கதையே சொல்கிறது.

என்னிடம் இருக்கும் படங்களை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அதே மூலை, ஒவ்வொன்றிலும் தங்கச்சி, 2022க்குப் பிறகு அவள் மகளும். கல் எப்போது எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்க அவை உதவும். கூட்டம் குமுளியிலோ தேக்கடியிலோ தேனியிலோ எங்கே நடந்தாலும் சொல்லி அனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
குமுளியிலிருந்து, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க வந்த ஒருத்தியின் பேத்தி